மாடு, கோழி, தோட்டம், பொழுதுபோக்கு: கிராமத்து நன்றி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கட்டுத்தரையில் மாடும் கன்றும், நாலைந்து ஆடு, வாசலில் கோழிகள், கிணற்றடியைச் சுற்றிக் கொஞ்சம் காய்கறி. விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இரண்டு நாள் தங்கியதும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் வழக்கமாக நாங்கள் சொல்லும் பதில்களும் இங்கே. எல்லாம் எங்கள் பக்கத்து வழக்கம். டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் பல விஷயங்கள் வேறு மாதிரி இருக்கும்.

கிராமத்தில் யாரும் வாய்திறந்து நன்றி சொல்வதே இல்லையே, ஏன்?

சொல்வதில்லைதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, அவர் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், நம்மேல் ஏதாவது வருத்தமோ என்றுதான் எங்கள் அம்மா யோசிப்பார்.

அந்தச் சொம்பு எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். வெறும் சொம்பாக வராது. இரண்டு கை அவரைக்காய், ஒரு துண்டு வெல்லம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது உள்ளே இருக்கும். மறுநாளே வர வேண்டும் என்பதும் கிடையாது. பத்து நாள்கூட அவர்கள் வீட்டு அடுக்களையில் கிடக்கும். போய்க் கேட்பது மரியாதை இல்லை. அவர்கள் முருங்கை காய்த்ததும் தானாக வரும்.

உடனுக்குடன் கணக்கைத் தீர்த்துக்கொண்டால் போக்குவரத்தும் அதோடு தீர்ந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கை இதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எப்போதும் யாராவது ஒருவர் கொஞ்சம் கடன்பட்டிருக்க வேண்டும். நாளைக்கு அந்த வீட்டுப் படி ஏற ஒரு காரணம் வேண்டும் அல்லவா.

மாட்டுக்கு மரியாதை மாட்டுப் பொங்கல் அன்று மட்டும்தானே? மற்ற நாளெல்லாம்?

பொங்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கூரை, கட்டுத்தரை, கிணற்றடி என்று எல்லா இடத்திலும் காப்பு செருகுவோம். தை இரண்டாம் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வண்ணம் பூசி, புது மூக்கணாங்கயிறு மாற்றி, சலங்கை கட்டுவோம். சாயங்காலம் கட்டுத்தரையிலேயே பட்டிப் பொங்கல். பொங்கிய சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்து மாட்டுக்கு ஊட்டிவிட்ட பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். தட்டைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று பிள்ளைகள் கத்துகிற கத்தில் மாடு மிரளும். மிரண்டால்தான் பிள்ளைகளுக்குக் குஷி.

நீங்கள் கேட்பது மற்ற நாள்களைப் பற்றி. அதற்குக் கழுநீர்ப் பானையைத்தான் காட்டுவேன். எங்கள் தெருவில் மாடு இல்லாத வீடுகளிலும் வாசல் ஓரம் ஒரு பழைய குடமோ பெயின்ட் வாளியோ இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில்தான் போகும். மாட்டுக்காரர் காலையில் போய் அந்தந்த வாளியை எடுத்து வந்து தாழியில் கொட்டிவிட்டு, கழுவித் திரும்ப வைத்துவிடுவார். வெயில் காலத்தில் கொஞ்சம் புளித்த வாடையும் அடிக்கும். அதில் ஒரு கை தவிடும் ஊறிய புண்ணாக்கும் போட்டுக் கலக்கிக் காட்டினால் மாடு தலையைத் தூக்காமல் உறிஞ்சும். கடைசியில் அடியில் தங்கிய பருக்கையை நாக்கால் வழிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும்.

மாடு கன்று போட்டால் கழுநீர் ஊற்றிய வீடுகளுக்கெல்லாம் சீம்பால் போகும். கன்றுக்குப் போகத்தான் மற்றவர்களுக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு அதில்தான் கிடைக்கிறது. முதல் நாள் பாலை முழுக்கக் கறந்து திரட்டுப்பால் கிண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் போதும், தெருவுக்கே காணும்.

காங்கயம் மாடு பால் குறைவாகத்தானே கொடுக்கும்? அதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?

குறைவுதான். கன்றுக்கு விட்டது போக ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தாலே நல்ல மாடு என்போம். கலப்பினப் பசு பத்து லிட்டரைத் தாண்டும். பால் ஊற்றித்தான் பிழைக்க வேண்டும் என்கிறவர் கலப்பினம் வைத்திருப்பதில் ஒரு தப்பும் இல்லை. நாட்டு மாடு வைத்திருப்பவர்தான் நன்றியுள்ளவர், மற்றவர் வியாபாரி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கறந்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இருப்பது மானாவாரி மேட்டு நிலம், மழை குறைவு. இந்த ஊர்க் கொரங்காட்டில் வளர்ந்து பழகியது இந்த மாடு. கொரங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். முள்ளுக்கிளுவையில் உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். உழுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மழை பெய்தால் புல் தலைதூக்கும், காய்ந்தால் வேரோடு காத்திருக்கும். மாடு போடும் சாணிதான் அதற்கு எரு, வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாத ஒரு ஏற்பாடு.

வருகிறவர்கள் ஆச்சரியப்படுகிற இன்னொன்று: கன்று பிறக்கும்போது செவலை நிறத்தில் இருக்கும். ஆறு மாதம் ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். போன லீவில் பார்த்த கன்று எங்கே என்று பிள்ளைகள் தேடும்.

வளர்த்த கோழியையே அடித்துக் குழம்பு வைக்கிறீர்களே, இதில் நன்றி எங்கே இருக்கிறது?

எல்லோரும் கேட்கத் தயங்கி, கடைசி நாள் சாப்பாட்டின்போது கேட்கிற கேள்வி இது. நேர்மையாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் சில உண்டு. அடை உட்காரும் பெட்டையை அடிப்பதில்லை. குஞ்சோடு திரியும் தாயைத் தொடுவதில்லை. பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் அது தப்பித்துவிடும். அதனால் பெயர் வைக்கும் வேகத்தில் எங்கள் வீட்டில் குழம்பு குறைந்துகொண்டே வருகிறது. சண்டை போடும் உபரிச் சேவல்கள்தான் பெரும்பாலும் அடுப்புக்குப் போகும். அடிக்கிறவர் அதை மற்ற கோழிகளின் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் கொண்டுபோவார். அடித்ததில் எதையும் வீணாக்கக் கூடாது. சோற்றில் கறியை வைத்துவிட்டுப் பிள்ளைகள் எழுந்தால் எங்கள் அப்பாவுக்கு வரும் கோபம் வேறெதற்கும் வராது.

கோயில் கிடாய் விஷயத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. நேர்ந்துவிட்ட கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினால்தான் சம்மதம் என்று அர்த்தம். உதறாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள், சாமியிடம் என்ன குறை என்று கேட்பார்கள், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும், அது தெரியாதவர்கள் இல்லை இங்கே. ஆனாலும் ஓர் உயிரை எடுக்கும் முன் அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இது உங்களுக்குப் போதுமான பதிலாக இல்லாமல் போகலாம். எங்கள் வீட்டிலேயே என் தங்கை கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவள் வந்தால் அவளுக்குத் தனியாகப் பருப்புக் குழம்பு. யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

அடைக்கூடையில் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் எதற்கு?

இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், அதைத் தடுக்கத்தான் என்பார்கள். ஓர் இரும்புத் துண்டும் கூட வைப்பது உண்டு. பலன் இருக்கிறதோ இல்லையோ, பாட்டி காலத்திலிருந்து வைக்கிறோம், வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் உதவுவது வேறு. நல்ல இருட்டான மூலை, அடியில் மணல் அல்லது வைக்கோல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் தானியமும். இருபத்தொரு நாளும் பெட்டை சரியாகத் தின்னாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி, அவசர அவசரமாகக் கொத்திவிட்டு, எச்சம் போட்டுவிட்டு, ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் தீனியைத் தேடி அலையவிடக் கூடாது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் உயிர் பிடித்த முட்டையில் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து விட்டுவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எந்த வயதில் எது என்று சொல்லிவிடுவார்கள். இதைச் செய்யாமல் கோழிமேல் பாசம் என்று பேசுவதில் பிரயோசனம் இல்லை. ஒரு சீசனில் மொத்தக் கூட்டமும் போய்விடும்.

தோட்டம் போட ஆசை. எதில் ஆரம்பிப்பது?

ஆடியில் ஆரம்பியுங்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மானாவாரிக்கு மட்டும் சொன்னதில்லை, கொல்லைக்கும் பொருந்தும். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், அவரை எல்லாம் அப்போது போட்டுவிடலாம். பந்தல் போட வசதி இல்லாவிட்டால் வேலியிலோ கூரையிலோ ஏற்றிவிடுங்கள். சுரை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு காய்க்கும். அவரை அப்படி இல்லை. கொடி மட்டும் ஓடி ஓடிப் பந்தலை மூடும், பூவைக் காணோம் என்று வெறுத்துப்போய் வெட்டிவிடலாமா என்று நினைக்கும்போது மார்கழிப் பனி விழும், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ வரும். அப்புறம் தை முழுக்க அவரைதான், கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

பூச்சிக்கும் ஊட்டத்துக்கும் எங்கள் பக்கம் பஞ்சகவ்யம் புழங்குகிறது; பசுவின் சாணி, கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல் அது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பிரபலப்படுத்தியது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து வடிகட்டித் தெளித்தால் போதும். கூடப் போட்டால் கூடக் காய்க்கும் என்று ஊற்றக் கூடாது.

தோட்டத்திலும் சில வழக்கங்கள் உண்டு. முதல் காய் சாமிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். பொழுது சாய்ந்த பிறகு இலையோ பூவோ பறிக்கக் கூடாது, செடி தூங்கும் என்பார்கள். கொய்யாவிலும் சப்போட்டாவிலும் உச்சிக் கிளைப் பழத்தைத் துறட்டி போட்டு இழுக்கக் கூடாது, அது அணிலுக்கும் கிளிக்கும். இந்தக் கடைசி விதியைக் கிளிகள் ஒப்புக்கொள்வதில்லை. கீழ்க் கிளையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கின்றன.

செடியை வீட்டு மனுஷியாக நினைப்பது இன்று நேற்று வந்ததில்லை. நற்றிணை 172ஆம் பாட்டில் ஒரு புன்னை வருகிறது. விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து வர, பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உன்னைவிடச் சிறந்த உன் தங்கை என்று தாய் சொல்லிவிடுகிறாள். அதனால் அந்த மரத்தடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் நாங்கள் ஊர்வம்பு எல்லாம் பேசுகிறோம். அந்தப் பெண் அளவுக்கு நாங்கள் நல்லவர்கள் இல்லை போல.

பாம்பு, ஆந்தை, எலி எல்லாம்கூட நன்றிக் கணக்கில் வருமா?

எலி வராது.

ஆந்தை நிச்சயம் வரும். கூகை அலறினால் சாவு விழும் என்று கல்லெறிந்த ஊர்தான் இது. இப்போது வயலில் கூகை உட்காருவதற்காக ஆளுயரத்துக்கு மேலே குறுக்குக் கட்டையோடு கம்பு நடுகிறோம். பறவைத் தாங்கி என்று வேளாண் துறைக்காரர்கள் சொல்வார்கள். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவையும் பூச்சியையும் பிடிக்கும், இரவில் கூகை எலியைப் பார்த்துக்கொள்ளும். செலவு இரண்டு கம்பும் ஒரு முழக் கயிறும்.

சாரைப்பாம்பை அடிக்காதீர்கள். விஷம் கிடையாது, எலி பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்லபாம்பு என்று அலறுவதுதான் வழக்கமாக நடக்கும். அடையாளம் தெரியாவிட்டால் தள்ளி நின்று அதற்கு வழிவிட்டாலே போதும்.

பறவை பார்ப்பதெல்லாம் பட்டணத்துப் பொழுதுபோக்கு இல்லையா?

பைனாகுலர் பட்டணத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். பறவைக்குக் கடன்பட்ட ஊர்கள் இங்கே ரொம்ப நாளாக இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில், பறவைகள் தங்கும் ஏரித் தண்ணீர் எச்சம் கலந்து வயலுக்கு உரமாகப் போகிறது என்பதை ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அங்கே பறவையைச் சுடக் கூடாது என்று 1798லேயே அப்போதைய கலெக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளோட்டிலும் அப்படித்தான். பட்டாசுக்கு அடம்பிடிக்கிற வயதில் ஒரு பிள்ளை ஏரியில் இருக்கும் நாரைக்காக மத்தாப்போடு நிறுத்திக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வெள்ளோடு 2022இல் சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் சேர்ந்தது. அந்தக் குளத்தைச் சுற்றி இருக்கும் பனியன் கம்பெனிகளையும் வீடுகளையும் பார்த்தவர்களுக்கு, அங்கே இன்னும் பறவை வருகிறது என்பதே பெரிய செய்தி.

ஆரம்பிக்க எளிய வழி, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015இலிருந்து பொங்கல் நாள்களில் நடக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலேயே கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும், அவ்வளவுதான். பட்டிப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிக்கும்போதே மாட்டின் முதுகில் கரிச்சான், காலடியில் உண்ணிக்கொக்கு, மின்கம்பியில் பனங்காடை என்று எண்ணிக்கை ஏறிவிடும்.

வேறு என்ன பொழுதுபோக்கு? சாயங்காலம் போரடிக்காதா?

போரடிக்கும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மழைக்காலத்தில் கரண்டும் போய்விட்டால் ஏழரை மணிக்கே ஊர் அடங்கிவிடும்.

மற்ற நாளில் சிலருக்குத் தாயம், சிலருக்கு டீக்கடை, பலருக்கு போன். எங்கள் அப்பா இன்னமும் ரேடியோ கேட்பார். பால் கறக்கும்போது பாட்டு ஓடாவிட்டால் மாடு நெளியும் என்பது அவர் வாதம். பெண்களுக்கு இப்போது கும்மி வந்திருக்கிறது. வள்ளி கும்மி எங்கள் பக்கத்துப் பழைய ஆட்டம், நடுவில் தேய்ந்துபோய் இப்போது ஊருக்கு ஊர் பயிற்சி நடக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்து வந்த கோவை பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிய கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்கள் ஊரில் ஆடுகிறவர்கள் பகலெல்லாம் களை எடுத்துவிட்டு, எட்டு மணிக்குக் கோயில் முன்னால் காலில் சலங்கையோடு வந்து நிற்கிறார்கள். இடுப்பு வலிக்கு அதுதான் மருந்து என்று சிரிக்கிறார்கள்.

தினமும் நன்றி நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்களே, நீங்கள் எழுதுகிறீர்களா?

தனியாக நோட்டு போட்டு எழுதும் பொறுமை இல்லை. தினசரி காலண்டர் இருக்கிறது. அதில் தாளைக் கிழிக்கும் முன் பென்சிலால் கிறுக்குவோம்: "செவலைக்குச் சினை ஊசி", "கருப்பி அடை உட்கார்ந்தது", "மழை, ஒரு உழவு", "மாமா வீட்டிலிருந்து பூசணி". கிழித்த தாளைக் கம்பியில் குத்தி வைப்பது அம்மாவின் வேலை. சினை ஊசி போட்ட நாளிலிருந்து ஒன்பது மாதமும் பத்து நாளும் கூட்டினால் கன்று எப்போது என்று தெரியும். அடை உட்கார்ந்த நாளிலிருந்து மூன்று வாரம். பூசணி யார் கொடுத்தது என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும், திருப்பிச் செய்வதற்கு.

"இன்று சூரியனுக்கு நன்றி, காற்றுக்கு நன்றி" என்று எழுதுவது சிலருக்கு உதவுகிறது என்றால் நல்லதுதான், எழுதட்டும். எனக்கு அதில் பிடிமானம் கிடைப்பதில்லை. பூசணி என்றால் ஒரு கிலோ எடை இருக்கிறது, கொடுத்தவருக்கு ஒரு முகம் இருக்கிறது.

கிராமத்தை ரொம்பப் புகழ்கிறீர்கள். சாதியும் கூலியும் இருக்கிற ஊரில் நன்றி என்பது யாருக்கு யார் சொல்வது?

சரியான கேள்வி. இதைக் கேட்காமல் கிராமத்து நன்றியைப் பற்றிப் பேசக் கூடாது.

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது முடி வெட்டுகிறவருக்கு, துணி வெளுக்கிறவருக்கு, பறை அடிக்கிறவருக்கு, தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு என்று தானியம் ஒதுக்குவது பழைய வழக்கம். அதை ஏதோ ஊரே சேர்ந்து பகிர்ந்துண்ட மாதிரி இப்போது பேசுகிறார்கள். வருஷம் முழுக்க உழைத்த கூலி அது. அதைத் தானம் மாதிரி கொடுத்தார்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்று வாங்க வேண்டியிருந்தது. பண்ணையத்தில் வேலை செய்தவருக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீரும் டீயும் கொடுத்த வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. மாட்டுக்குக் கொம்பு சீவி மாலை போட்ட அதே கட்டுத்தரையில், சாணி அள்ளியவரை வாசற்படி ஏறவிடவில்லை. அவரிடமிருந்து விசுவாசத்தையும் எதிர்பார்த்தார்கள். "நம்ம உப்பைத் தின்னவன்" என்ற பேச்சை இன்றைக்கும் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் வழி சாதாரணமானது. வேலைக்கு வருகிறவருக்குப் பேசிய கூலியை அன்றைக்கே, கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அவரைக்காய் கொடுத்தால் அது அவரைக்காய், கூலியில் கழிக்கக் கூடாது. அவர்கள் வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் வாங்கிச் சாப்பிட வேண்டும். இந்தக் கடைசி ஒன்றில் ஊரில் இன்னும் பல வீடுகள் தடுக்கி விழுகின்றன. வாங்கி வைத்துக்கொண்டு மாட்டுத் தாழியில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நோய், வறட்சி என்று அடி விழும்போதும் நன்றி வருமா?

வராது. வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. கிணறு வற்றிய வருஷம், லாரித் தண்ணீர் வாங்கித் தென்னையைக் காப்பாற்றியவரிடம் போய் வானத்துக்கு நன்றி சொல் என்று சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியதைச் செய்யலாம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கே வந்து போடுகிறார்கள். அன்றைக்கு மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடாமல் கட்டி வையுங்கள். அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். மாடு எழுந்து நின்று அசைபோட ஆரம்பித்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

மாட்டை விற்கும்போது எப்படி மனசு வருகிறது?

வருவதில்லை, விற்கிறோம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை நடக்கும். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலாலேயே விலை பேசி முடிப்பார்கள். விலை படிந்த பிறகு மாட்டைக் கொடுப்போம், கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டுத்தான் பிடித்துப் போக வேண்டும். பழைய கயிறு வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டுத்தரை முளையில் தொங்கும். பட்டி அறுந்துவிடக் கூடாது, அதாவது வீட்டில் மாடே இல்லாமல் போய்விடக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். அம்மா அன்றைக்குச் சந்தைக்கு வர மாட்டார், சாப்பிடவும் மாட்டார்.

செத்துப்போனால் தோட்டத்திலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைப்போம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பால்கனியில் ஒரு மண்சட்டித் தண்ணீர், கோடையில் தினமும் மாற்றுங்கள், கொசு வரும். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை. பால் போடுகிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அரிசி மாவில் கோலம் போட முடிந்தால் போடுங்கள், எறும்புக்கு ஆகும். கல்மாவில் போட்டால் அதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் வெளியூர் போனால் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள்?

கழுநீர் ஊற்றும் வீடுகளில் யாராவது ஒருவர். மாடு கை மாறினால் பாலை அடக்கிக்கொள்ளும், அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவரை வரச்சொல்லிக் கூடவே உட்கார்ந்து கறக்கப் பழக்குவோம். நாங்கள் இல்லாத நாள்களின் பால் முழுக்கக் கறக்கிறவருக்கே, கணக்குக் கிடையாது. முட்டையும் அப்படித்தான். அவர்கள் வெளியூர் போகும்போது அவர்கள் ஆட்டை நாங்கள் ஓட்டி வந்து கட்டிக்கொள்வோம்.

திரும்பும்போது வெறுங்கையோடு வரக் கூடாது. பழனி போயிருந்தால் பஞ்சாமிர்தம், கல்யாணத்துக்குப் போயிருந்தால் தாம்பூலப் பையும் கொஞ்சம் பலகாரமும். கிளம்பும் நாளைக் குறிக்கும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். கன்று போடுகிற வாரத்திலும் கோழி பொரிக்கிற வாரத்திலும் பயணம் வைத்தால், அடுத்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும்.